கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் போய்விட்டு வருகிறவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். இருட்டான புதர், நடுவில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு, கீழே "இது என்ன குருவி?" என்று ஒரு வரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை ஒரே இடத்தில் சேர்த்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. நான் கோத்தகிரியில் வளர்ந்தவள், இந்தப் பறவையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

படத்தில் இருக்கும் ஆரஞ்சுக் குருவி எது?

தலை கறுப்பு, இறக்கை கறுப்பு, மற்றதெல்லாம் பழுத்த கமலா ஆரஞ்சின் நிறம் என்றால் அது கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான்தான். அலகிலிருந்து வால் நுனி வரை 11 முதல் 13 செ.மீ. வரைதான் இருக்கும், ஊர்ச் சிட்டுக்குருவியை விடச் சின்னது. உருண்டையாக, கழுத்தே இல்லாதது போலத் தெரியும். முதுகு, மார்பு, வயிறு, வால் எல்லாமே ஆரஞ்சு. முதுகில் கொஞ்சம் அடர்ந்து இருக்கும், வயிற்றுக்கு வரும்போது வெளிறும். இத்தனை பளிச்சென்ற நிறத்தை வைத்துக்கொண்டு இது எப்படிக் கண்ணில் படாமல் இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சோலைக்குள், அதாவது மேல்மலையின் மடிப்புகளில் இருக்கும் அடர்ந்த காட்டுக்குள், நின்று பார்த்தால்தான் புரியும். அங்கே தரை முழுக்கப் பழுப்பும் செம்பழுப்புமாகக் காய்ந்த இலை, அதன் மேல் ஒன்றிரண்டு வெளிச்சத் திட்டு. அந்த இடத்தில் ஆரஞ்சு நிறக் குருவி இன்னொரு காய்ந்த இலை போலத்தான் இருக்கும், அசையும் வரை.

ஆணும் பெண்ணும் ஒரே மாதிரியா?

கிட்டத்தட்ட. ஆணுக்குக் கறுப்பாக இருக்கிற இடமெல்லாம் பெண்ணுக்கு அடர் பழுப்பு. பெண்ணுக்குக் கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று உண்டு, அதனால் முகம் கொஞ்சம் சாந்தமாகத் தெரியும். உடம்பின் ஆரஞ்சு இரண்டுக்கும் பொது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதன் நெருங்கிய உறவுக்கார ஈப்பிடிப்பான்கள் பலவற்றில் ஆண்தான் அலங்காரமாக இருக்கும், பெண் மங்கலான பழுப்பாக, எந்த இனம் என்று சொல்லவே கஷ்டமாக இருக்கும். இங்கே அந்தக் கஷ்டமே இல்லை. பெண்ணைத் தனியாகப் பார்த்தாலும் சந்தேகம் வராது.

மின்சிட்டு என்று நினைத்தேன், தவறா?

இந்தக் குழப்பம்தான் அதிகம். ஆண் மின்சிட்டும் கறுப்பும் ஆரஞ்சுச் சிவப்புமாக இருக்கும், அதே மலையில் இருக்கும். ஆனால் மின்சிட்டு மர உச்சியில் கூட்டமாகப் போகும், வால் நீளம், இறக்கையில் ஆரஞ்சுத் திட்டு இருக்கும். நம் பறவைக்கு இறக்கை முழுக்கக் கறுப்பு, வால் குட்டை, தனியாகவோ ஜோடியாகவோதான் இருக்கும். எல்லாவற்றையும் விட எளிய அடையாளம் உயரம்தான். பார்க்க அண்ணாந்தீர்களா, குனிந்தீர்களா? குனிந்து பார்த்திருந்தால் ஈப்பிடிப்பான்.

நீலகிரி ஈப்பிடிப்பான் என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் கேட்டு அதுதான் இது என்று சிலர் எழுதுகிறார்கள். அது நீல நிறம், மரக்கிளைகளின் நடுமட்டத்திலும் அதற்கு மேலும் இருக்கும், அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. ஒரே சோலையில் மேல்தளத்தில் அதையும் கீழ்த்தளத்தில் இதையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

ஈ மட்டும்தான் தின்னுமா?

இல்லை, பூச்சி எதுவானாலும் தின்னும். பெயரைக் கேட்டு, கிளையிலிருந்து காற்றில் பாய்ந்து பூச்சியைப் பிடித்துத் திரும்ப அதே கிளைக்கு வரும் பறவையை எதிர்பார்க்காதீர்கள். அரசவால் ஈப்பிடிப்பான், சாம்பல்தலை ஈப்பிடிப்பான் எல்லாம் காற்றில் பாய்ந்து பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். இது பெரும்பாலும் தரையை ஒட்டியே வாழ்கிறது. முழங்கால் உயரத்தில் ஒரு தண்டில் உட்கார்ந்து கீழே பார்க்கும், இலைச்சருகில் ஏதாவது நகர்ந்தால் இறங்கி எடுக்கும், மறுபடி இன்னொரு தண்டுக்குப் போகும். செடியின் இலைகளிலிருந்தும் பொறுக்கும். நடமாட்டத்தைப் பார்த்தால் தோட்டத்துக் குண்டுகரிச்சானின் ஞாபகம் வரும். அதில் ஆச்சரியமில்லை, குண்டுகரிச்சானும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் மட்டும்தான். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாறைச் சுற்றியுள்ள மலைகள், அப்புறம் அதற்குத் தெற்கேயுள்ள உயரமான மலைகள். பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேலேதான் இருக்கும், அரிதாக அதற்குக் கீழேயும் பார்த்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் இல்லை, கோத்தகிரியில் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேர பஸ் பயணம்.

வரைபடத்தில் இதன் இடம் ஒரே நீண்ட பட்டையாகத் தெரிந்தாலும் நிஜத்தில் அது தனித்தனித் தீவுகள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது, 30, 40 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லாத சமவெளி. குளிர்ந்த சோலையின் தரையில் வாழும் ஒரு குட்டிப் பறவைக்கு அந்த வெயில் கடல் மாதிரிதான். இந்தக் கணவாய் சோலைப் பறவைகள் சிலவற்றை இரண்டாகவே பிரித்துவிட்டது. சோலைக்குள் இருக்கும் நீலநிறக் குட்டைச்சிறகனை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பது ஓர் இனம், தெற்கே பழனி, ஆனைமலையில் இருப்பது வேறோர் இனம். 2017-ல் அவற்றுக்குப் புதிய பேரினப் பெயர் (நெருங்கிய இனங்களுக்குப் பொதுவாக வைக்கும் பெயர்) வைத்தார்கள், "ஷோலிகோலா" என்று. நம்முடைய "சோலை" என்ற சொல்தான் அதில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சோலை, சோலை என்கிறீர்கள், அது சாதாரணக் காடுதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சோலையைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பறவையைப் புரிந்துகொள்ள முடியாது.

மேல்மலையில் இயற்கையாக இருந்தது புல்வெளிதான். மேடுகளெல்லாம் புல், இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில், ஓடை ஓடும் பள்ளத்தில் மட்டும் ஒரு அடர்ந்த காடு. அதுதான் சோலை. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, உச்சி எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கி ஒரு கூரை போல இருக்கும். கிளைகளில் பாசி, ஆர்க்கிட், பெரணி. ஓரத்தில் சிவப்புப் பூ பூக்கும் காட்டுப் பூவரசு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும்போது புல்வெளி வெள்ளையாகி, அங்கே முளைக்கப் பார்க்கும் மரக்கன்றுகள் கருகிப்போகும். சோலைக்குள் அந்தக் குளிர் அவ்வளவாக இறங்காது. வெளியே வெயிலடிக்கும்போது உள்ளே ஈரமாகவும், வெளியே உறையும்போது உள்ளே கொஞ்சம் கதகதப்பாகவும் இருக்கும்.

இப்போது கீழே பாருங்கள். சோலையின் தரையில் வருஷக்கணக்கில் விழுந்த இலை மக்கிக் கிடக்கும், கால் வைத்தால் அமுங்கும். அதற்கு மேல் இடுப்பு உயரம், ஆள் உயரம் வரை பெரணியும் குறிஞ்சி வகைச் செடிகளும். குறிஞ்சி என்றதும் எல்லோருக்கும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புல்வெளியில் பூக்கும் நீலக்குறிஞ்சிதான் நினைவுக்கு வரும், 2018-ல் பூத்ததே அது. ஆனால் அதே குடும்பத்துச் செடிகள் பல சோலைக்குள் நிழலில்தான் வளர்கின்றன. அந்த அடிக்காடுதான் நம் பறவையின் வீடு. மக்கிய இலையில் பூச்சி, பூச்சிக்கு மேல் உட்காரத் தண்டு, தண்டைச் சுற்றி ஒளியப் புதர், கூடு கட்டவும் அதே புதர். அதன் வாழ்க்கை முழுக்கத் தரையிலிருந்து நம் தோள் உயரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மேலே இருக்கும் மரம் அதற்குக் கூரை, அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தில் பார்த்ததாக என் நண்பர் சொல்கிறார். இருக்குமா?

இருக்கும், சோலையை ஒட்டிய தோட்டமாக இருந்தால். நிழல் மரமும் ஓரத்தில் ஓடையும் புதரும் விட்டுவைத்த இடங்களில் அது எட்டிப் பார்க்கும். ஆனால் மைல் கணக்கில் சீராக வெட்டிய தேயிலைக்கு நடுவில் பார்த்தேன் என்று சொன்னால் நான் மறுபடி படத்தைக் கேட்பேன்.

சீகை மரக்காடு, கற்பூர மரக்காடு எல்லாம் காடுதானே, அங்கே ஏன் இல்லை?

தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். ஆனால் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நீலகிரிக்கு 1840-களில் கொண்டுவந்தார்கள், விறகுக்காக. சீகை என்கிற வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாதான், அதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. இரண்டையும் பெரும்பாலும் புல்வெளிகளில் நட்டார்கள், அப்போது அவை வெறும் தரிசு என்று கணக்கு. ஒரு கற்பூர மரத் தோப்புக்குள் நடந்து பாருங்கள். தரையில் பட்டையும் எண்ணெய் வாடை அடிக்கும் இலையும், நடுவில் வெறுமை. உட்காரத் தண்டில்லை, ஒளியப் புதரில்லை. பழைய சீகைக் காடுகள் சிலவற்றில், பக்கத்தில் சோலை இருந்தால், சோலைச் செடிகள் நிழலில் மெதுவாக முளைத்து வரும். அப்படி அடியில் செடி அடர்ந்துவிட்ட இடத்துக்கு இந்தப் பறவையும் வந்துவிடும். அதனால்தான் நான் சொல்கிறேன், மேலே என்ன மரம் என்பதை விடக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இது வலசை வருகிற பறவையா? குளிர்காலத்தில் மட்டும் இருக்குமா?

வருஷம் முழுக்க இங்கேயேதான். உறைபனியிலும் போகாது, தென்மேற்குப் பருவமழையிலும் போகாது. குளிர்காலத்தில் வருகிற ஈப்பிடிப்பான்கள் வேறு. காஷ்மீரில் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஒன்று இருக்கிறது, தொண்டையும் மார்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அது குளிருக்கு நீலகிரிக்கும் வரும், இலங்கையின் நுவரெலியாவுக்கும் போகும். அதையும் இதையும் குழப்ப வேண்டாம், அதற்கு முதுகு சாம்பல்.

குரல் எப்படி இருக்கும்?

மெல்லிய, உச்ச ஸ்தாயிக் குரல். "சீ... ரி... ரிர்ர்" என்று இழுத்து, கடைசியில் கொஞ்சம் நடுங்கி முடியும். வயதானவர்கள் சிலருக்கு அது கேட்பதே இல்லை, என் அப்பாவுக்கு இப்போது கேட்பதில்லை. நாம் கிட்டப் போய்விட்டால் "ஸிட், ஸிட்" என்று வெட்டி வெட்டிச் சொல்லும். அது கேட்டால் ஒரு அடி பின்வாங்குங்கள், பக்கத்தில் கூடு இருக்கலாம்.

கூடு எங்கே கட்டும்?

தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், பெரணியிலோ புதரிலோ. ஈப்பிடிப்பான்கள் பலவும் கிண்ணம் மாதிரிக் கூடு கட்டும், அல்லது மரப்பொந்தில் வைக்கும். இது காய்ந்த இலைகளை வைத்து ஒரு பந்து மாதிரி கட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கிறது. கொஞ்சம் ஒழுங்கில்லாத பந்துதான், அதனாலேயே காற்றில் வந்து புதரில் சிக்கிய சருகுக் குவியல் என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்படி ஒன்றைச் சருகு என்று நினைத்துக் குச்சியால் தட்டப் போனேன். உள்ளிருந்து பெண் பறவை பறந்து வெளியே வந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அன்றிலிருந்து சோலைக்குள் எந்தச் சருகையும் தட்டுவதில்லை.

முக்கியமாக மார்ச் முதல் மே வரைதான் கூடு கட்டும் காலம், சில சமயம் அதற்குப் பிறகும் நீளும். வழக்கமாக இரண்டு முட்டை. சாம்பல் படர்ந்த வெள்ளை, பருத்த முனையில் புள்ளிகள். அடைகாப்பது பெண்.

எங்கே போனால் பார்க்கலாம்?

ஊட்டியில் தொட்டபெட்டா. சிகரத்தின் உயரம் 2637 மீட்டர், அங்கே இருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு, போகும் வழியில் சாலையோரச் சோலைகளை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போங்கள். கேர்ன்ஹில், அவலாஞ்சி, கோத்தகிரியில் லாங்வுட் சோலை. கொடைக்கானலில் பாம்பார் சோலை, பேரிஜம் போகும் வழி. கேரளப் பக்கம் மூணாறு, இரவிகுளம். இவற்றில் பல வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பவை, நுழைவு விதிகள் அடிக்கடி மாறும், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டி, கொடைக்கானல் போக வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது லாங்வுட். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே, சுற்றிலும் ஊரும் தேயிலையும் வந்துவிட்ட பிறகும் பிழைத்து நிற்கும் சோலை அது. கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது.

நாலு தடவை போயும் பார்க்க முடியவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் நடப்பதுதான் தவறு. நடக்காதீர்கள், நில்லுங்கள். காலை ஏழு மணிக்குள் ஒரு சோலையின் ஓரத்தில், ஓடைச் சத்தம் அதிகம் இல்லாத இடமாகப் பார்த்து, இருபது நிமிஷம் அசையாமல் நின்று தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மட்டும் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகவே அஞ்சு நிமிஷம் ஆகும். இந்தப் பறவைக்கு நம்மைக் கண்டு பெரிய பயம் கிடையாது, நாம் அசையாமல் இருந்தால் மூன்று, நாலு மீட்டர் வரை கூட வந்து இரை தேடும். ஒரு ஜோடி தன் சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றி வருவதால், ஓரிடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த நாளும் அதே இடத்துக்குப் போகலாம்.

மழைக்காலத்தில் அட்டை ஏறும், காலுறைக்கு மேல் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள், ஆண் பாடிக்கொண்டிருக்கும்.

போனில் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வருமாமே?

வரும். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வரும். இரை தேட வேண்டிய நேரத்தில், அடைகாக்கும் துணையை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அதே இடத்தில் அதையே செய்தால் அந்த ஜோடியின் அந்த வருஷமே வீணாகிவிடலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். கூட்டைப் படம் எடுப்பதும் வேண்டாம், நீங்கள் விலக்கிய அந்த ஒரு பெரணி இலைதான் கூட்டுக்கு மறைவாக இருந்திருக்கும். ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள், படம் கொஞ்சம் மங்கலாக வந்தாலும் பரவாயில்லை.

யார் முதலில் இதைப் பற்றி எழுதியது?

மேல்மலைவாசிகளுக்கு எப்போதுமே தெரிந்த பறவைதான். அறிவியல் பெயர் கொடுத்தவர் ஜெர்டன், சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். 1839-ல் விவரித்தார். "நைக்ரோரூஃபா" என்று பெயர், லத்தீனில் கறுப்பும் செந்நிறமும். பிறகு எந்தப் பேரினத்தில் வைப்பது என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. இதற்கென்றே "ஓக்ரோமெலா" என்று தனிப் பேரினம் கூட வைத்திருந்தார்கள். இப்போது "ஃபிசெடுலா" பேரினத்தில் இருக்கிறது, மேலே சொன்ன காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அதில்தான்.

கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்கள் நிலத்தின் ஓரத்தில் ஒரு துண்டுச் சோலை இருக்கிறது. இந்தப் பறவை தங்க என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நன்றி சொல்லத் தோன்றுகிறது. மரம் நட வேண்டுமா என்றுதான் முதலில் கேட்பீர்கள். வேண்டாம், முதலில் அரிவாளை நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடையோரமாக ஒரு சின்னச் சோலை உண்டு, இரண்டு ஜோடிகள் அங்கே இருந்தன. நிலம் கைமாறியது. புதிதாக வாங்கியவர் நல்ல மனிதர், ஒரு மரத்தைக் கூட வெட்டவில்லை, அதைப் பெருமையாகவும் சொன்னார். ஆனால் விருந்தினர் நடக்க வசதியாக இருக்கட்டும் என்று அடியில் இருந்த புதரையும் பெரணியையும் மெஷின் வைத்துச் சுத்தம் செய்து, சருகைக் கூட்டி எரித்தார். மேலே மரம் அப்படியே இருந்தது, மின்சிட்டு வந்தது, நீலகிரி ஈப்பிடிப்பானும் வந்தது. கறுப்பு ஆரஞ்சு மட்டும் ஒரே மாதத்தில் காணாமல் போனது. பிறகு அவரிடம் போய்ப் பேசினோம், ஓடையின் இரண்டு பக்கமும் பத்தடி அகலத்துக்கு எதையும் தொடாமல் விட ஒப்புக்கொண்டார். மூன்றாவது வருஷம் பெரணி இடுப்பு உயரம் வந்தது, அந்த ஏப்ரலில் ஒரு ஆணின் குரல் கேட்டது.

எனவே சருகைக் கூட்டாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். ஓடைக்கரையை விட்டுவிடுங்கள். உண்ணிச்செடி மாதிரி வந்தேறிச் செடிகளை எடுக்க வேண்டுமானால் கையால், கொஞ்சம் கொஞ்சமாக, கூடு கட்டும் மாதங்கள் முடிந்த பிறகு எடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் மறைவே இல்லாமல் போய்விடும், சோலைச் செடி முளைத்து வரும் வேகத்துக்கு ஏற்பத்தான் எடுக்க வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கிறவர்கள் சோலை ஓரத்து நாலைந்து வரிசைத் தேயிலையையாவது விட்டுவிடுங்கள். வீட்டுப் பூனையை மார்ச் முதல் மே வரை காலை நேரத்தில் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், தரையோரம் வாழும் பறவைக்குப் பூனை பெரிய ஆபத்து. அப்புறம் உங்கள் புதருக்குள் "ஸிட், ஸிட்" கேட்டால் எந்த ஊர், எந்த மாதம், எத்தனை அடி உயரத்தில் பார்த்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள்.